பெற்றோல் ஆவிக் கட்டுப்பாட்டில் கோளாறு: மலைநாட்டுக் கார்களில் காரணத்தைத் தேடும் முறை

காருக்குள் பெற்றோல் மணம் வருவது, டாங்கியை நிரப்பிய கையோடு எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பது, ஓட்டத்தில் எந்தக் குறையும் தெரியாதபோதும் செக் எஞ்சின் விளக்கு அணையாமல் எரிவது ஆகிய மூன்றும் பார்வைக்கு ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. ஆயினும் பல வேளைகளில் மூன்றுக்கும் மூலம் ஒரே இடத்தில் இருக்கும். டாங்கியில் எழும் பெற்றோல் ஆவியை வெளியே விடாமல் பிடித்து வைத்து, பின்னர் எஞ்சினுக்குள் அனுப்பி எரிக்கும் அமைப்பே அது. கராஜ்களில் இதை எவாப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சோதிக்காமலேயே பாகங்களை மாற்றி மாற்றிப் பார்த்துப் பணத்தைக் கரைப்பது இந்த அமைப்பில் மிகுதியாக நடக்கிறது. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. எஞ்சின் கணினியில் பதிவான கோளாறுகளை வாசிக்கும் ஸ்கேனர் காட்டும் குறியீடு, எந்தப் பகுதியில் தேட வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. எந்தப் பாகம் பழுது என்பதைச் சொல்வதில்லை. அடுத்ததாக, கைநூல்களில் உள்ள அளவுகள் பெரும்பாலும் கடல்மட்டத்தை ஒட்டியவை. 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் அதே அளவை எதிர்பார்த்தால், நல்ல பாகத்தைக் கழற்றி வீசிவிட்டுப் பழுதை அப்படியே விட்டுவிடுவோம்.

அமைப்பும் அதன் வேலையும்

பெற்றோல் நிறுத்தி வைத்த காரிலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றில் கலப்பதைத் தடுக்கும் ஏற்பாட்டை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1970ஆம் ஆண்டு மாடல்களிலும், முழு நாடும் 1971ஆம் ஆண்டு மாடல்களிலும் கட்டாயமாக்கின. அடிப்படை இன்றும் அதுவே. டாங்கியிலிருந்து வரும் ஆவி, செயலூக்கிய கரி நிரப்பிய கெனிஸ்டர் என்னும் பெட்டிக்குள் சென்று கரியின் நுண்துளைகளில் ஒட்டிக்கொள்கிறது. எஞ்சின் சூடேறி ஓடும்போது, கெனிஸ்டருக்கும், எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டு செல்லும் இன்டேக் மெனிபோல்டுக்கும் இடையில் உள்ள பர்ஜ் வால்வை எஞ்சின் கணினி விட்டுவிட்டுத் திறக்கிறது. மெனிபோல்டின் உறிஞ்சு விசையால் வெளிக்காற்று கெனிஸ்டரின் வென்ட் குழாய் வழியே நுழைந்து, கரியில் ஒட்டியிருக்கும் ஆவியைக் கழுவி எடுத்துக்கொண்டு எஞ்சினுக்குள் போய் எரிகிறது.

இங்கே ஒரு விடயத்தை மனதில் நிறுத்திக்கொண்டால் சோதனையில் பாதிக் குழப்பம் நீங்கிவிடும். பெரும்பாலான கார்களில் பர்ஜ் வால்வுக்கு மின்சாரம் இல்லாதபோது அது மூடியிருக்கும். வென்ட் வால்வு என ஒன்று இருந்தால், மின்சாரம் இல்லாதபோது அது திறந்திருக்கும். கசிவைச் சோதிக்கும் சில நிமிடங்களுக்கு மட்டுமே கணினி அதை மூடும்.

அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமான, கார் தன் கோளாறுகளைத் தானே கண்காணிக்க வேண்டும் என்னும் ஓபிடி 2 விதிகள், அமைப்பில் 1 மில்லிமீற்றர் துளையையும், பிற்பாடு அரை மில்லிமீற்றர் துளையையும் கணினியே கண்டுபிடிக்க வேண்டும் என்றன. நம் வீதிகளில் ஓடும் கார்கள் எல்லாம் அந்த விதிக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஐரோப்பிய விதிகளைப் பொறுத்தவரை பர்ஜ் வால்வின் மின்சுற்றைக் கண்காணித்தாலே போதுமானது. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கெனச் செய்து ரீகண்டிஷனாக இங்கே வந்து சேரும் பல கார்களிலும் கசிவைச் சோதிக்கும் ஏற்பாடு இருப்பதில்லை. எனவே விளக்கு எரியவில்லை என்பதை வைத்துக் கசிவு இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. இத்தகைய கார்களில் மூக்கும் கையும், உறிஞ்சு விசையை அளக்கும் வெக்யூம் கேஜும்தான் முதற்கருவிகள்.

மலை ஏறும்போது மாறுவது என்ன

கடல்மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். நுவரெலியாவில் அது சுமார் 81 கிலோபாஸ்கலாக, அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறைந்து விடுகிறது. இதன் விளைவுகள் பல. கொழும்பு வெயிலில் நிரப்பிய பெற்றோல் இறம்பொடை வழியாக மேலே வரும்போது, வெளியழுத்தம் குறையக் குறைய அதிக ஆவியை வெளிவிடும். அந்த ஆவி முழுவதையும் கெனிஸ்டர் தாங்க வேண்டும். அதே நேரத்தில் கெனிஸ்டரைச் சுத்தம் செய்யும் வாய்ப்போ மலைப்பாதையில் குறைவு. ஏற்றத்தில் அக்சலரேட்டரை நன்றாக மிதிக்கும்போது மெனிபோல்டில் உறிஞ்சு விசை குறைந்துவிடுகிறது. இறக்கத்தில் கால் எடுத்து கியரில் இறங்கும்போது கணினி எரிபொருளையே நிறுத்திவிடுவதால், எரியாத ஆவியை உள்ளே விடாமல் பர்ஜ் வால்வையும் மூடி வைக்கிறது. ஹைபிரிட் கார்களில் எஞ்சின் ஓடும் நேரமே குறைவு என்பதால் நிலைமை இன்னும் இறுக்கமானது. மலை ஏறி நிறுத்திய சற்று நேரத்தில் லேசாக மணம் வந்து மறைந்தால் அதை உடனே பழுது எனக் கொள்ள வேண்டியதில்லை. மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்த நிலையிலும் மணம் இருந்தால்தான் கசிவைத் தேட வேண்டும்.

வெக்யூம் கேஜை வாசிப்பதிலும் இதே கவனம் வேண்டும். கடல்மட்டத்தில் நல்ல எஞ்சின் ஐட்லிங்கில் ஏறத்தாழ 17 முதல் 21 பாதரச அங்குலம் வரை காட்டும். உயரம் ஏறக்குறைய 300 மீற்றர் கூடும்போதெல்லாம் அதில் ஓர் அங்குலம் குறையும். ஆகவே 500 மீற்றர் உயரமுள்ள கண்டியில் வித்தியாசம் சிறிது. சுமார் 1270 மீற்றர் உயரமுள்ள ஹட்டனில் நான்கு அங்குலம். நுவரெலியாவில் ஆறு அங்குலம். நுவரெலியாவில் 13 அங்குலம் காட்டும் எஞ்சின் நலமாகவே இருக்கலாம். கையால் இயக்கும் வெக்யூம் பம்பும் அங்கே கொழும்பில் எட்டும் அளவை எட்டாது. அதைப் பம்பின் பழுதாகவோ வால்வின் கசிவாகவோ எண்ணிவிடக் கூடாது. சோதனையில் பார்க்க வேண்டியது எட்டிய அளவை அன்று, எட்டிய அளவில் முள் அசையாமல் நிற்கிறதா என்பதையே.

தொடங்கும் முன்

பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோரத்திலும் கராஜ் குழியிலும் தேங்கி நிற்கும்; காற்றில் நூற்றில் ஒன்றரைப் பங்களவு கலந்தாலே தீப்பற்றும். மலைநாட்டுக் குளிரில் கதவை மூடிக்கொண்டு வேலை செய்யும் பழக்கம் பலருக்கு உண்டு. இந்த வேலைக்கு மட்டும் அது வேண்டாம். கதவைத் திறந்து வையுங்கள், ஹீட்டரையும் கம்பி பல்பு விளக்கையும் அகற்றுங்கள், எஞ்சினும் எக்ஸோஸ்டும் ஆறிய பிறகே காருக்கு அடியில் செல்லுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை இந்த அமைப்பில் ஒருபோதும் நேரடியாகப் பொருத்தக் கூடாது. கசிவுச் சோதனைக்குத் தேவைப்படும் அழுத்தம் அரை பிஎஸ்ஐ அளவே. கம்ப்ரசர் தருவதோ நூறு பிஎஸ்ஐக்கு மேல். கெனிஸ்டரும் டாங்கியும் பிளந்து போகும்.

ஸ்கேனர் இருந்தால் குறியீடுகளை அழிக்கும் முன் அவற்றை எழுதிக்கொள்ளுங்கள். அவற்றோடு சேமிக்கப்பட்டிருக்கும் ப்ரீஸ் ஃப்ரேம் தரவில் எஞ்சின் வெப்பநிலை, வேகம், டாங்கியின் அளவு ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்; கோளாறு எந்தச் சூழலில் பதிவானது என்பது அழித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. பி 0455 பெரிய கசிவையும், பி 0442 சிறிய கசிவையும், பி 0456 மிகச் சிறிய கசிவையும், பி 0457 மூடி தளர்ந்திருப்பதையும் குறிக்கும். பி 0441 பர்ஜ் ஓட்டம் சரியில்லை என்றும், பி 0496 தேவையற்ற நேரத்தில் ஓட்டம் இருக்கிறது என்றும் சொல்லும். பி 0443 பர்ஜ் வால்வின் மின்சுற்றையும், பி 0446 வென்ட் பகுதியையும் சேர்ந்தவை.

மூடியும் குழாய்களும்

பெற்றோல் மூடியைக் கழற்றி அதன் ரப்பர் வளையத்தை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் மெல்ல இழுத்துச் சுற்றிப் பாருங்கள். நல்ல வளையம் இழுத்ததும் மீண்டும் வட்டத்துக்கு வரும்; இறுகிப்போன வளையத்தில் இழுக்கும் இடத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் திறக்கும். வளையம் டாங்கிக் கழுத்தின் உதட்டில் அழுந்தும் இடத்தில் ஒரே அகலத்தில் பளபளப்பான தடம் சுற்றிலும் இருக்க வேண்டும். தடம் ஓரிடத்தில் அறுந்திருந்தால், கழுத்தில் துருவோ நெளிவோ இருக்கிறது. சாவி போடும் மூடியை வெளியில் வாங்கி மாட்டியிருந்தால், மரை பொருந்தினாலும் வளையம் சரியாக அழுந்தாமல் இருக்கலாம். இதே மாடலின் நல்ல மூடி ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பது, வேறு எதையும் கழற்றுவதற்கு முன் செய்யத் தக்க மிக மலிவான சோதனை.

மூடியைத் திறக்கும்போது வரும் சத்தத்தையும் கவனியுங்கள். மலை ஏறிய பின் வெளியே மெல்ல மூச்சு விடுவதும், இறங்கிய பின் உள்ளே மெல்ல இழுப்பதும் இயல்பு. கம்பளையிலோ கண்டியிலோ ஓடிய பின்னும் ஒவ்வொரு முறையும் பலமாக உள்ளிழுத்தால், வென்ட் பாதை அடைபட்டிருக்கிறது.

அடுத்து, டாங்கியின் கழுத்திலிருந்து பின்சக்கர வளைவுக்குள் இறங்கும் ரப்பர் குழாயையும், கெனிஸ்டரோடு சேரும் குழாய்களின் நுனிகளையும் பாருங்கள். தோட்டப் பாதைகளில் ஓடும் கார்களில் சக்கரம் வாரியடிக்கும் செம்மண் கிளிப்புகளுக்கு அடியில் இறுகி ஈரத்தைப் பிடித்து வைப்பதால், உலோகக் கழுத்து முதலில் துருப்பிடிப்பது அங்கேதான். மண்ணைக் கம்பித் தூரிகையால் சுரண்டாமல் தண்ணீரால் கழுவி, காய்ந்த பின் பாருங்கள். ரப்பர் குழாய் வெடிப்பதும் பெரும்பாலும் கிளிப்புக்கு அடியிலேயே என்பதால், கிளிப்பை நகர்த்தாமல் பார்த்தால் வெடிப்பு கண்ணில் படாது.

பர்ஜ் வால்வு

இந்த அமைப்பில் அதிகமாகப் பழுதாகும் பாகம் இதுவே என்பதால் இதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். வால்வு முழுதாக மூடாமல் திறந்தே இருந்தால், டாங்கியை நிரப்பும்போது எழும் ஆவி முழுவதும் மெனிபோல்டுக்குள் போய் நிரம்பி, எஞ்சின் மூச்சுத் திணறி ஸ்டார்ட் ஆக மறுக்கும். ஐட்லிங்கும் தடுமாறும். கரியில் ஆவி மிகுந்திருக்கும் காலத்தில் கலவை செறிவாகி, 2008 முதல் நடைமுறையில் உள்ள வாகனப் புகைப் பரிசோதனையில் காபன் மொனொக்சைட்டும் ஐதரோகாபனும் கூடுதலாகக் காட்டக்கூடும். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் போகும் இடத்தில் இதனால் திரும்பி வருவோர் உடனே ஒட்சிசன் சென்சரை மாற்றுகிறார்கள். அதற்கு முன் பின்வரும் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, வால்வின் மின் இணைப்பைக் கழற்றுங்கள். பிறகு கெனிஸ்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, வால்வின் அந்த வாயில் விரலை வையுங்கள். மின்சாரம் இல்லாத வால்வு மூடியிருக்க வேண்டும்; விரலை இழுக்கும் உணர்வு சிறிது இருந்தாலும் வால்வு கசிகிறது. இந்தச் சோதனையின்போது செக் எஞ்சின் விளக்கு புதிதாக எரிந்தால், இணைப்பைக் கழற்றியதன் விளைவு அது, பிறகு அழித்துவிடலாம்.

ஸ்கேனரில் எரிபொருள் ட்ரிம், அதாவது கலவையைச் சரிசெய்யக் கணினி எரிபொருளைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கும் வீதம், பார்க்க முடிந்தால் சோதனை இன்னும் தெளிவாகும். பர்ஜ் கட்டளை பூச்சியம் எனக் காட்டும் நேரத்தில், ஐட்லிங்கில் குறுகியகால ட்ரிம் கழித்தல் 15 போன்ற அளவில் நின்று, பர்ஜ் குழாயை மெல்ல அழுத்தி மூடியதும் பூச்சியத்தை நோக்கித் திரும்பினால், வால்வு வழியே ஆவி கள்ளத்தனமாகப் போகிறது. கரி காய்ந்திருக்கும் காரிலோ அதே கசிவு வெறும் காற்றை உள்ளே விடுவதால் ட்ரிம் கூட்டல் பக்கம் நிற்கும். ஒரே பழுது இரு திசைகளிலும் காட்டும் என்பதை அறியாதவர் இரண்டாவது நிலையில் இன்டேக் கஸ்கெட்டைத் தேடிப் போய்விடுவார்.

வால்வைக் கழற்றி மேசையில் வைத்தும் சோதிக்கலாம். சுருளின் மின்தடை பல கார்களில் 20 முதல் 40 ஓம் வரை இருக்கும். உங்கள் மாடலின் கைநூல் அளவே இறுதியானது. கை வெக்யூம் பம்பைப் பொருத்தி இழுத்தால் முள் நிற்க வேண்டும். 12 வோல்ட் கொடுத்ததும் டிக் என்ற சத்தத்துடன் முள் விழ வேண்டும். டிக் சத்தம் மட்டும் கேட்டால் போதாது, ஏனெனில் தூசு சிக்கிய வால்வும் சத்தம் போடும். வாயால் ஊதியோ உறிஞ்சியோ பார்க்க வேண்டாம். காரின் பக்கத்து இணைப்பில், சாவியைத் திருப்பியதும் ஒரு முனையில் பெட்டரி மின்னழுத்தம் இருக்க வேண்டும். மறுமுனையை எர்த் ஆக்குவது கணினியின் வேலை.

இன்னொரு விடயம் உண்டு. இதைச் செய்யாமல் புதிய வால்வு வாங்கவே கூடாது. கழற்றிய வால்வைக் கவிழ்த்து ஒரு வெள்ளைத் தாளின் மேல் மெல்லத் தட்டுங்கள். தாளில் மிளகுத்தூள் போன்ற கறுப்புத் துகள்கள் விழுந்தால் கெனிஸ்டருக்குள் கரியைத் தாங்கும் தடுப்பு உடைந்திருக்கிறது. துகளை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். கரி என்றால் நறநறவென்று உடைந்து விரலைக் கறுப்பாக்கும், சாலைத் தூசு என்றால் மண் நிறத்தில் இருக்கும். கரி வந்திருந்தால் கெனிஸ்டரையும் மாற்றி, இடைப்பட்ட குழாயின் இரு முனைகளையும் கழற்றிச் சுத்தம் செய்த பின்னரே புதிய வால்வைப் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் புதியதும் சில நாட்களில் அதே துகளால் திறந்து நிற்கும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகமாக வாங்குவதானால் இந்தத் தாள் சோதனையையும் பம்ப் சோதனையையும் கடையிலேயே செய்து பார்த்து வாங்குங்கள்.

கெனிஸ்டரும் வென்ட் பாதையும்

எரிபொருள் நிரப்பு நிலையத்தில் பம்ப் தானாக நின்ற பிறகும் வாய்வரை ஊற்றச் சொல்லும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. 2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் வரிசையில் நின்றவர்கள் ஒரு சொட்டும் வீணாகாமல் நிரப்பிக்கொள்ள விரும்பியதில் வியப்பில்லை. எனினும் ஆவிக்கென விட்ட இடத்தில் திரவப் பெற்றோல் நிரம்பினால், அது குழாய் வழியே கெனிஸ்டருக்குள் போய்க் கரியை ஊறச் செய்கிறது. ஏற்றத்தில் கார் சாய்ந்து நிற்கும்போது இது இன்னும் எளிதாக நடக்கும். கெனிஸ்டரைக் கழற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள். உள்ளே குலுங்கும் ஓசை கேட்டாலோ, குழாய் வாயிலிருந்து பெற்றோல் சொட்டினாலோ அதை வெயிலில் காயவைத்துத் திரும்பப் பொருத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாற்றிவிடுவதே முறை.

வென்ட் பாதை அடைபட்டால் அறிகுறி வேறு. நிரப்பும்போது பம்ப் அடிக்கடி டிக் என்று நின்றுவிடும், மூடி திறந்தால் பலமாக உள்ளிழுக்கும், மோசமானால் டாங்கியே உள்வாங்கி விரிசல் விடும். காரணம் பெரும்பாலும் வென்ட் குழாயின் வெளிநுனியில் இருக்கும் மண் அல்லது பூச்சிக்கூடு. மஸ்டா நிறுவனம் 2011இல் அமெரிக்காவில் மஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்தது, ஒருவகை மஞ்சள் சிலந்தி வென்ட் குழாயில் வலை கட்டியதால் டாங்கி விரிசல் விடக்கூடும் என்பதற்காகவே. தேயிலைத் தோட்டங்களை ஒட்டி நிறுத்தப்படும் கார்களில் மண்ணால் கூடு கட்டும் குளவிகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். குழாயைக் கெனிஸ்டரிலிருந்து கழற்றி, ரப்பர்ப் பந்துக் கைப்பம்பால் காற்றை வெளிநோக்கி ஊதிப் பாருங்கள். கெனிஸ்டரை நோக்கி ஊதினால் மண் கரிக்குள் போகும்.

டாங்கியின் ஆவி அழுத்தத்தை அளக்கும் சென்சர் உள்ள கார்களில், மூடியைத் திறந்து சாவியை மட்டும் திருப்பி அளவைப் பாருங்கள். வெளியழுத்தத்தோடு ஒப்பிட்டுக் காட்டும் வகை என்றால் பூச்சியத்தை ஒட்டி நிற்க வேண்டும். முழு அழுத்தத்தைக் காட்டும் வகை என்றால் நுவரெலியாவில் 81 கிலோபாஸ்கல் அளவே சரியான விடை. கைநூலில் 100 என்றிருப்பதைப் பார்த்துச் சென்சரைக் குறை கூற வேண்டாம். எஞ்சினின் மெனிபோல்ட் அழுத்த சென்சர் சாவி திருப்பிய நிலையில் காட்டும் அளவோடு ஒப்பிட்டால் ஐயம் தீரும்.

புகைவிட்டுக் கசிவைக் காணுதல்

இவ்வளவும் பார்த்த பின்னும் கசிவு பிடிபடாவிட்டால் புகை இயந்திரம் உள்ள கராஜுக்குச் செல்ல வேண்டும். வீட்டில் துணி கொளுத்தியோ சிகரெட் புகையாலோ இதைச் செய்ய முயல்வது உயிராபத்து. டாங்கியில் பாதியளவு பெற்றோலும், குளிர்ந்த எஞ்சினும் இருப்பது நல்லது. கெனிஸ்டர் பக்கத்துப் பர்ஜ் குழாய் வழியே புகையைச் செலுத்தி, முதலில் வென்ட் குழாயைத் திறந்தே வைத்து அங்கே புகை வருகிறதா என்று பாருங்கள்; வந்தால் பாதை திறந்திருக்கிறது. பிறகு வென்ட் வால்வுக்கு ஸ்கேனரால் கட்டளை கொடுத்தோ, வால்வு இல்லாத கார்களில் குழாயின் வாயை அடைத்தோ மூடி, டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துத் தேடுங்கள். டாங்கியின் மேற்புறத்தில் பெற்றோல் பம்ப் பொருந்தும் வளையத்தை மறந்துவிடக் கூடாது. பம்ப் மாற்றிய கார்களில் பழைய சீலையே திரும்பப் போட்டிருப்பது அடிக்கடி காணக் கிடைக்கிறது.

பழுது தீர்ந்ததை உறுதி செய்தல்

குறியீட்டை அழித்தால் விளக்கு அணையும். அதனால் பழுது தீர்ந்ததாகாது. கசிவுச் சோதனை உள்ள கார்களில் கணினி தானே மீண்டும் சோதித்து முடிக்க வேண்டும். அதற்குப் பல நிறுவனங்கள் விதிக்கும் நிபந்தனைகள் ஏறத்தாழ ஒன்றே: இரவு முழுவதும் நிறுத்திய கார், காற்பங்குக்கு மேலும் முக்காலுக்குக் கீழும் பெற்றோல், 4 முதல் 35 பாகை செல்சியஸ் வரை வெப்பநிலை. தை, மாசி மாதங்களில் உறைபனி விழும் நுவரெலியா விடியற்காலை இந்த எல்லைக்குள் வராது; வெயில் வந்த பிறகு புறப்படுங்கள். உயர எல்லை வழக்கமாகச் சுமார் 2400 மீற்றர் என்பதால் நம் ஊர்கள் எதுவும் அதற்கு வெளியே இல்லை. ஆனால் டாங்கியில் பெற்றோல் அலைமோதினால் பல கார்கள் சோதனையை இடையில் கைவிட்டுவிடும். இறம்பொடை, கினிகத்தேனை வளைவுகளில் எத்தனை தடவை ஓடினாலும் சோதனை முடியாமல் போவது இதனால்தான். நுவரெலியாவில் கிரகரி வாவியை ஒட்டிய வீதியைப் போலச் சமதரையான பாதையில், வேகத்தை ஏற்றியிறக்காமல் ஓட்டுங்கள்.

டொயோட்டாவின் சில மாடல்கள் எஞ்சினை நிறுத்திய 5 மணித்தியாலத்துக்குப் பிறகு சிறு பம்ப் ஒன்றை இயக்கித் தாமாகவே சோதிக்கின்றன. இரவில் காரின் பின்புறம் மெல்லிய இரைச்சல் கேட்டால் அதுவே காரணம். இரவில் பெட்டரியைக் கழற்றி வைப்பவர்கள் அந்த வாரம் மட்டுமாவது அப்படிச் செய்யாமல் இருக்க வேண்டும். கசிவுச் சோதனை இல்லாத கார்களிலோ, டாங்கியை நிரப்பிய உடனே சூடான எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பர்ஜ் கட்டளை பூச்சியமாக இருக்கும் நேரத்தில் பர்ஜ் குழாயை அழுத்தியும் விட்டும் ட்ரிம் அசையவில்லை என்பதைக் கண்டு, மறுநாள் காலை மூடிய கராஜுக்குள் மணம் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கேனரில் நிலுவைக் குறியீடுகளின் பக்கத்தையும் திறந்து பாருங்கள். விளக்கு எரிவதற்கு முன் கோளாறு முதலில் பதிவாவது அங்கேதான்.